கடைசிப் பத்து நிமிடம்

என் கணவர் செத்துப்போன வருடத்தில் நான் நாற்பத்தொரு சினிமா பார்த்தேன்.

ஆம், நாற்பத்தொன்று! டீவியில் இல்லை, போனில் இல்லை. தியேட்டருக்குப் போய், டிக்கெட் எடுத்து, நடுவரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, இடைவேளையில் முட்டை பப்ஸ் தின்று பார்த்தேன். ஒரு படத்தில்கூடப் பாதியில் எழுந்து வரவில்லை. முகம் சுளிக்க வேண்டியவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சுளித்தாயிற்றா? நல்லது. அந்தப் படங்களுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கே அந்த வருடம் திரும்பி வந்தாலும் மறுபடி போவேன். நாற்பத்திரண்டாவதையும் பார்ப்பேன்!

ஆனால் அதே வருடத்தில் நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது... நான் பார்த்த சினிமாவுக்கு இன்னொருத்தி பழி சுமந்தாள். அவள் உள்ளங்கை வெந்தது. தீக்குச்சியைக் கிழித்தவள் நான்! அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடிக்கிறேனா என்று பாருங்கள். எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

என் பெயர் கலா. வயது நாற்பத்தைந்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். விரிசல் இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. குறை கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வீடு பாரிவாக்கம். என் புகுந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பயிர் வைத்தவர்கள். அந்த நிலத்தில் இப்போது லிஃப்ட் வைத்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. எங்களுக்கு மிஞ்சியது ஒரு பெரிய வீடும், ஒரே சமையலறையும், அதில் இரண்டு மருமகள்களும். மூத்தவள் நான். இளையவள் சுமதி, என் கொழுந்தன் தணிகாவின் மனைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். சுமதியின் மகள் மூன்றாம் வகுப்பு. எங்கள் எல்லாருக்கும் மேலே மாமியார்.

என் கணவர் ஏழுமலை பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றவர், நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்... அவ்வளவுதான். ஐம்பது வயது முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமியார் சட்டம் போட்டார்.

"வருசம் திரும்பற வரிக்கும் இந்த ஊட்ல தீபாவளி இல்ல, பொங்கல் இல்ல. கல்யாணம் காச்சின்னு எவ ஊட்டுக்கும் போவக் கூடாது. சினிமா கினிமான்னு பேச்சே எடுக்கக் கூடாது. சொல்ட்டேன்."

சொல்லிவிட்டு, டீவியின் மேல் என் கணவரின் வேட்டி ஒன்றை எடுத்துப் போர்த்தினார். அந்த வேட்டி ஒரு வருடம் அங்கேயே கிடந்தது. தூசு படிந்தால் துவைத்து, காயவைத்து, மறுபடி போர்த்தினோம். சுமதியின் மகள் கார்ட்டூன் பார்க்க அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்வந்தாள்.

நானும் நாற்பது நாள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பிட்டால் பார்த்தார்கள், சாப்பிடாவிட்டால் பார்த்தார்கள். அழுதேனா என்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதையும் பார்த்தார்கள்!

நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு புதன்கிழமை. எங்கள் கம்பெனிக்குப் புதன் வார விடுமுறை. வாரிசுச் சான்றிதழ் வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள், இன்று வா நாளை வா என்று இழுப்பார்கள் என்று. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பத்தே முக்காலுக்குக் கையில் கொடுத்துவிட்டார்கள். இறந்தவரின் மனைவி என்று என் பெயர் அச்சாகியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் வண்டியில் வந்தேன். வழியில் ஒரு தியேட்டர். பதினொரு மணிக் காட்சிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஏன் உள்ளே போனேன் என்று கேட்கிறீர்களா? இருட்டாக இருக்கும் என்றுதான் போனேன். வேறு காரணம் இல்லை. இரண்டரை மணி நேரம் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை... எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அது எவ்வளவு பெரிய சுகம் என்று நாற்பது நாள் துக்க வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கால் தானாக எழுந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிவிட்டேன், செருப்பைத் தேடிப் போட்டுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, என்னைக் கூப்பிட யாரும் இல்லை என்று.

இதை விளக்க வேண்டும். என் கணவர் சினிமாப் பைத்தியம். மாதம் இரண்டு படமாவது கூட்டிப்போவார். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் பார்க்க விடமாட்டார். படம் விட்டதும் ஸ்டாண்டில் வண்டிகள் முட்டிக்கொள்ளும், அதற்குமுன் வண்டியை எடுத்துவிட வேண்டும். வில்லன் துப்பாக்கியைத் தூக்கியவுடன் என் முழங்கையைத் தட்டுவார். "ஏந்திரி கலா. கூட்டம் வந்துரும்." பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு படத்தின் முடிவைக்கூட நான் தியேட்டரில் பார்த்ததில்லை! டீவியில் வருமே என்பீர்கள். வரும். விளம்பரம் போட்டு இழுத்து, முடிகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன்.

ஆனால் முடிவு எனக்குத் தெரியாமல் இல்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவர் முதுகில் வாயை வைத்துக் கேட்பேன்.

"அப்புறம் இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்... அவ பொயச்சிக்குவா. ரெண்டு பேரும் சேந்துருவாங்க. ஒரு கொயந்த பொறக்கும்."

அவ்வளவு உறுதியாகச் சொல்வார். கம்பெனியில் யாராவது பார்த்துவிட்டு வந்து கதை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று அந்தத் தியேட்டரில் பையைக் கழற்றி மடியில் வைத்தேன். உட்கார்ந்தேன். முடிவைப் பார்த்தேன். எழுத்து ஓடி முடிந்து, விளக்குப் போட்டு, பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு வந்து "இன்னாக்கா, பட்த்துகினியா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார், "சர்டிபிகேட் கெட்ச்சிதா?"

"இல்ல அத்தை. வர புதங்கெயம வரச் சொல்ட்டாங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! பையில் காகிதம் இருந்தது. அடுத்த புதனும் அதே பதில். பிறகு பென்ஷன், பிறகு வங்கி, பிறகு கம்பெனி கணக்கு. செத்தவருக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. "பாவம், ஒண்டியா அலையுது" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நேரத்துக்கு வேலை செய்து கொடுத்த ஓர் அலுவலகத்தின் மேல் ஒரு வருடம் பழி போட்டேன். அதற்கு வேண்டுமானால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, அப்படி என்னதான் பார்த்தேன்?

பெரும்பாலும் குப்பை! நான் தரம் பார்க்கிறவள், ஒளிக்காமல் சொல்கிறேன். நாற்பத்தொன்றில் முப்பதைச் சிவப்புப் பெட்டியில் போடலாம். ஒரு மாதம் முழுக்கக் கதாநாயகர்கள் துப்பாக்கியோடு ஜெயிலிலிருந்து வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு என்ன செய்வதென்று டைரக்டருக்கே தெரியாத படங்கள் ஏழெட்டு. ஒரு பேய்ப் படத்தில் பேய்க்குத் தலைவலி வந்திருக்கும், அவ்வளவு சத்தம். ஒரு படத்தில் நாய் நன்றாக நடித்தது. அதற்காகவே இரண்டாம் முறை போகலாமா என்று யோசித்தேன்.

புருஷன் செத்த பெண்கள் அந்த நாற்பத்தொன்றில் ஆறு பேர் வந்தார்கள். எண்ணினேன். ஐந்து பேர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அழுதார்கள். ஒருத்தி அருவாளை எடுத்தாள். ஒருத்தியாவது பப்ஸ் தின்றாளா? ஒருத்தியாவது ஸ்கூட்டரில் தனியாகப் போகும்போது காற்று நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாளா? இல்லை! எங்களை எடுப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது.

ஆனாலும் போனேன். குப்பையென்று தெரிந்தே போனேன். ஒவ்வொன்றையும் கடைசி எழுத்துவரை பார்த்தேன். எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு இருந்தது... எங்கள் வீட்டில் அந்த வருடம் எதற்குத்தான் முடிவு இருந்தது?

இப்போது டோக்கனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

அந்தத் தியேட்டரில் வண்டி நிறுத்தினால் ஸ்டாண்டுக்காரர் ஒரு ரோஸ் நிற அட்டையை இரண்டாகக் கிழிப்பார். தியேட்டர் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும், தேதி இருக்காது. ஒரு பாதியை வண்டியின் பிரேக் ஒயரில் செருகுவார். மறுபாதி நம் கையில். வெளியே வரும்போது இரண்டையும் ஒட்டிப் பார்த்து, இரண்டையும் பிடுங்கிக்கொண்டு விடுவார். கூட்டத்தோடு வருகிறவர்களுக்கு இப்படித்தான்.

நான்தான் கூட்டத்தோடு வருவதில்லையே! நான் வரும்போது ஸ்டாண்டில் என் வண்டி மட்டும் நிற்கும். அவர் ஒட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? "வாக்கா, இன்னிக்கும் நீதான் லாஸ்ட்டா?" என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிடுவார். இரண்டு பாதியும் என்னிடமே தங்கிவிடும். பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும் வண்டியை நிறுத்தி, ஒயரில் இருப்பதை உருவி, இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு வருவேன். ஒரு வாரமும் தவறியதில்லை. ஒரே ஒரு வாரத்தைத் தவிர.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, பழைய படம் ஒன்றை மறுபடி வெளியிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நானும் அவரும் பார்த்த படம். கதாநாயகி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது முழங்கையைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார். பூந்தமல்லி ரோட்டில் வரும்போது கேட்டேன். "பொயச்சிக்குவா. ரெண்டு பேரும் ரயில்ல ஏறி ஊருக்குப் போயிருவாங்க" என்றார். ரயிலில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்திருப்பாள் என்றுகூடச் சொன்னார். பத்தொன்பது வருடமாக அந்தப் பெண் என் மனதில் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று பார்த்தேன். அவள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே செத்துப்போனாள். படத்தில் ரயிலே கிடையாது!

அவருக்கும் முடிவு தெரிந்திருக்கவில்லை. பத்தொன்பது வருடம், ஒவ்வொரு படத்துக்கும், ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே எனக்காக ஒரு முடிவைத் தானாகக் கட்டிச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதைகளில் ஒருத்திகூடச் சாகவில்லை... எல்லாருக்கும் குழந்தை பிறந்தது.

அங்கேதான் அழுதேன். காரியத்தில் வராத அழுகை, பதினாறு நாளும் எல்லாரும் எதிர்பார்த்த அழுகை, அந்தக் காலித் தியேட்டரில் வந்தது. பெருக்குகிற பெண் ஒன்றும் கேட்காமல் என் வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசையைப் பெருக்கினாள். வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. ஏரிக்கரையில் நிற்கவில்லை. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவள், அதன்பிறகு வண்டிப் பக்கமும் போகவில்லை.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, தணிகா தன் பைக் பழுதென்று ஸ்கூட்டரை எடுத்தான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். கையில் ரோஸ் அட்டை.

அந்த ஸ்கூட்டரை ஓட்டுகிறவர்கள் இருவர். நானும் சுமதியும். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக சுமதியிடம் போனான்.

"இன்னாடி இது?"

"இன்னாது?"

"சினிமா கொட்டா டோக்கன். எங்கண்ணன் போயி வருசம் திரும்பல. உனுக்கு சினிமா கேக்குதா?"

"ஐயோ, நான் எங்க போனேன்? எனுக்குத் தெரியாதுய்யா!"

"உனுக்குத் தெரியாம அண்ணியா போயிருப்பாங்க?"

அவன் அதைக் கிண்டலாகத்தான் கேட்டான். நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிற மாதிரி கேட்டான். மாமியார் என் பக்கம் பார்த்து, இதெல்லாம் உன் காதில் விழ வேண்டியிருக்கிறதே என்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புரிகிறதா உங்களுக்கு? சுமதிதான் சினிமாப் பாட்டை முணுமுணுப்பவள். படம் வருவதற்கு முன்பே பாட்டு அவளுக்கு மனப்பாடம். நானோ புருஷனைப் பறிகொடுத்தவள், பொட்டில்லாதவள். என் வெறும் நெற்றி எனக்குச் சாட்சி சொன்னது! நீங்கள் எல்லாரும் சேர்ந்து அழித்த நெற்றிதானே... அதற்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். அதில் எனக்கு அப்போது ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. ஆம், இருந்தது. எழுதிவிட்டேன்.

"அண்ணன் படத்து முன்னால சத்தியம் பண்ணு," என்றான் தணிகா. "கற்பூரத்த அட்ச்சி சத்தியம் பண்ணு." அண்ணன்தான் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "அண்ணி, கற்பூரம் எட்த்துகினு வாங்க" என்றான்.

எடுத்து வந்தேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் தட்டை வைத்தேன். மூன்று கட்டி வைத்தேன். ஒன்று போதாதா? ஏன் மூன்று வைத்தேன்? தெரியவில்லை... கை தவறி விழுந்ததா, நானாக வைத்தேனா, இன்றுவரை தெரியவில்லை. தீக்குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சி அணைந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இரண்டாவதைக் கிழித்தேன்.

சுமதி படத்தைப் பார்த்தாள். "மாமா மேல சத்தியமா நான் போவல" என்று சொல்லிக் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அடித்தாள். அடித்துவிட்டு எடுத்திருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. தணிகாவை முறைத்துக்கொண்டு அப்படியே அழுத்தினாள். தோல் பொசுங்குகிற வாசனை வந்தது.

எடுத்தபோது மாமியார் சொன்னது ஒன்றுதான். "கற்பூரம் அட்ச்சவ எல்லாம் உத்தமியா?"

பின்கட்டில் அவள் கையைத் தண்ணீரில் பிடித்து மருந்து போட்டவள் நான். அவள் அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள்.

"அக்கா, யாரு நம்பலன்னாலும் பரவால்ல. நீ நம்பறியா?"

"நம்பறேன் சுமதி," என்றேன்.

அந்த வீட்டில் அவளை முழுக்க முழுக்க நம்பியவள் நான் ஒருத்திதான்! சிரிக்காதீர்கள்.

ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கேட்பீர்கள். மாமியாருக்குப் பயந்தா? இல்லை. ஊர் பேசும் என்றா? அதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால் என் புதன்கிழமை போய்விடும். அதுதான். மறுபடி நடுக்கூடத்தில் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சுமதியின் கையா, என் புதன்கிழமையா என்று வந்தபோது நான் புதன்கிழமையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அதே தியேட்டரில். அதே வரிசையில். அன்று பார்த்தது ஒரு சிரிப்புப் படம். சிரித்தேனா? இரண்டு இடத்தில் சிரித்தேன்.

தீபாவளி கழிந்த வாரம் சுமதி மகளைக் கூட்டிக்கொண்டு நெமிலிச்சேரியில் வாடகை வீட்டுக்குப் போனாள். சத்தியம் செய்தும் நம்பாத வீட்டில் சோறு இறங்காது என்றாள். இரண்டு மாதம் முறைத்துவிட்டுத் தணிகாவும் பின்னால் போனான். புருஷன் பெண்டாட்டி சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் மாமியார் இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் வாயில் அவளுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. டோக்கன். "டோக்கன் வந்துகீதா?" "டோக்கன் ஊட்டுக்காரன் எப்படிகீறான்?" அவள் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் அதுதான். என் காதுபடவே சொல்கிறார்கள். நானும் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

வருட திவசத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச்சொல்லி முடித்ததும் மாமியார் டீவியின் மேலிருந்த வேட்டியை எடுத்து மடித்தார். பெரிய நாத்தனார் சபையில் சொன்னார், "கலா மாரி இருக்கணும்யா. ஒரு வருசம், தல நிமிந்து ஒரு போஸ்டர பாத்திருக்குமா அது?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள். சுமதி கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். ரசம் ஊற்றும்போது ஒருத்தி, "டோக்கன், இங்க கொஞ்சம்" என்றாள். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்!

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே போன புதன்கிழமை நான் சினிமாவுக்குப் போகவில்லை. நெமிலிச்சேரிக்குப் போனேன். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். சுமதி, அந்த டோக்கன் என்னுடையது. நான்கே சொல். அதற்குமேல் அவள் என்ன செய்தாலும் சரி, அடிக்கட்டும், மாமியாரிடம் போய்ச் சொல்லட்டும். தயாராகத்தான் போனேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை. தணிகா வேலைக்குப் போயிருந்தான், மகள் பள்ளிக்கு. சுமதி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை நீட்டியபோது உள்ளங்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது, ரோஸ் நிறத்தில்.

டீயைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாக்கா, எதுனா சொல்ல வந்தியா? மூஞ்சியே சரியில்லயே."

வாயைத் திறந்தேன். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது... அதற்குள் என் கால் எழுந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிவிட்டேன். செருப்பைத் தேடிப் போட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்ல சுமதி. நான் கெளம்பறேன். கூட்டம் வந்துரும்."

புதன்கிழமை காலை பதினொரு மணி. கீழே தெருவில் ஓர் ஆள்கூட இல்லை.

அவள் வாசல்வரை வந்தாள். நான் வண்டியை எடுக்கும்போது, கொஞ்சம் தயங்கி, சிறு பெண்போலக் கேட்டாள்.

"அக்கா, இப்பதான் வருசம் திரும்பிடுச்சே. ரெண்டு பேருமா ஒரு படத்துக்குப் போலாமா? ஒரு வருசமா ஒரு படங்கூட பாக்கலக்கா நான். மாமாவுக்காக."

சரி என்றேன். வருகிற புதன் போகிறோம். அவள் ஆவடிக்குப் போகலாம் என்றாள். நான் அம்பத்தூருக்குப் போகலாம் என்றேன்.

ஆவடியில் டோக்கன் கிழிப்பவருக்கு என் முகம் தெரியும்.